பாயுமில்ல, கட்டிலுமில்ல

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சிய ஏன் புளிச்ச மோராட்டம் வச்சிருக்கே? பத்திரிகையில பேர் இல்லன்னுதானே? நானும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு, அதுக்குக் கீழ எறும்புச் சாரையாட்டம் இருபத்திமூணு பேர். போன மாசம் தொட்டில்ல போட்ட பச்சப்பிள்ள பேருகூட இருக்கு. அது வாசல்ல நின்னு யாருக்குப் பன்னீர் தெளிக்கப் போகுதோ தெரியல. ஒம்பேரத்தான் காணும்.

காலைல நீ முத்தத்துல நின்னுக்கிட்டு, "சித்தப்பா வீட்டுக் கல்யாணத்த நான் பாய்காட் பண்ணுதேன்"னு தொழுவத்து மாடு காது விடைக்கிற அளவுக்குக் கத்துனியாமே. ஒங்க ஆச்சி பதறிப்போயி, "பய பாயையும் கட்டிலையும் என்னமோ பண்ணப் போறானாம், என்னன்னு கேளுங்க"ன்னு வந்து நிக்கா. அவளக் குத்தம் சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா குப்ப கொட்டிட்டு, இப்ப மொளகாச் செடிக்கு மருந்தடிக்கிறவன் நான். 'பாய்காட்'டுக்கு அர்த்தம் எழுதுலேன்னு கேட்டதுக்கு, 'பையனின் கட்டில்'னு பரீட்சைத் தாள்ல எழுதி வச்ச ஒரு மகராசன், இன்னைக்கு இந்த வட்டாரத்துல பெரிய சங்கத் தலைவரு. மாசத்துக்கு ரெண்டு பாய்காட் நடத்துதாரு. நல்லாத்தான் நடத்துதாரு.

ஒன்னயக் கோவப்படாதேன்னு சொல்ல வரல. தாராளமாப் பண்ணு. ஆனா அருவாள எடுக்கவன் எது பிடி, எது வெட்டுவாய்னு பாத்து எடுக்கணும்லா? ஏளா, பேரனுக்கும் எனக்கும் ரெண்டு கருப்பட்டிக் காப்பி கொண்டா!

கேளு. இந்தப் பாய்காட்டுங்கது மொதல்ல ஒரு ஆளு. சார்லஸ் கன்னிங்காம் பாய்காட். 1832-ல இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் பொறந்தவரு. கேப்டன் பாய்காட்னுதான் ஊரு கூப்பிடும். கேப்டனாவது ஒண்ணாவது. பட்டாளத்துல மூணு வருஷம் போல இருந்ததோட சரி, அதுவும் கடைசிப் படி அதிகாரி. நம்ம ஊர்ல பட்டாளத்துக் கேன்டீன்ல உருளக்கெழங்கு உரிச்சிட்டு வந்தவர 'மேஜரு'ன்னு கூப்பிடுதோம்லா, அதே கணக்கு. இன்னொரு கூத்து. அவுங்க குடும்பப் பேரே மொதல்ல 'பாய்கேட்'டுதான். இவரு சின்னப் பிள்ளையா இருக்கும்போதுதான் வீட்டுல எழுத்த மாத்திக்கிட்டாங்க. மாத்தாம இருந்திருந்தா இன்னைக்கு நீ கல்யாணத்த பாய்கேட்தான் பண்ணியிருப்பே.

அவரு போயிச் சேந்த எடம் அயர்லாந்து. அங்க மேயோன்னு ஒரு ஜில்லா, அதுல லாக் மாஸ்க்னு பெரிய ஏரி, ஏரிக்கரையில ஒரு பங்களா. சுத்தியுள்ள நெலம் ஏர்ன் பிரபுங்கற ஜமீனுக்குச் சொந்தம். பிரபு இருக்கது வேற எங்கியோ. குடியானவங்கிட்டக் குத்தகை வாங்கி அனுப்புதது நம்ம பாய்காட். ஜமீன் காரியஸ்தர்னா ஒனக்குத் தெரியாது. எங்கய்யாவக் கேட்டிருந்தா ராத்திரி பூராச் சொல்லியிருப்பாரு. ஜமீனாவது சில சமயம் மனசெறங்கும். காரியஸ்தன் எறங்கமாட்டான். எறங்கினா அவனுக்குச் சம்பளம் எதுக்கு?

1879-ல அங்க மழையில வெளைச்சல் வீணாப் போச்சு. அந்த வருஷந்தான் மைக்கேல் டாவிட், சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல்னு தலைவருமாரெல்லாம் சேந்து நெலச் சங்கம் ஒண்ணு கெட்டுனாங்க. அடுத்த வருஷம் ஜமீன், குத்தகையில 10 சதவீதம் தள்ளுபடின்னாரு. குடியானவங்க 25 கேட்டாங்க. முடியாதுன்னுட்டாரு. கட்டாதவன வெளியேத்துன்னு காரியஸ்தருக்கு உத்தரவு.

அந்த நேரத்துல, 1880 செப்டம்பர் 19, என்னிஸ்ங்கற ஊர்ல பார்னெல் கூட்டம் போடுதாரு. அடுத்தவன வெளியேத்துன நெலத்தக் குத்தகைக்கு எடுக்கான் பாரு ஒருத்தன், அவன என்ன செய்யலாம்னு சனங்களக் கேக்காரு. "சுட்டுத் தள்ளு"ன்னு கூட்டத்துல சத்தம். நம்மாளா இருந்தா அதுக்கும் கைதட்டு வாங்கிருப்பான். அவரு சொன்னது வேற. அதைவிட நல்ல வழி இருக்கு, ரோட்டுல கண்டா பேசாதே, கடையில கண்டா பேசாதே, சந்தையிலயும் பேசாதே, கோயில்லகூடப் பேசாதே, பெருவியாதிக்காரன அந்தக் காலத்துல ஒதுக்கின மாதிரி ஒதுக்கிருங்கன்னாரு.

மூணு நாள்தான். பாய்காட் சார்பா நோட்டீஸ் கொண்டு போன ஆளு மூணு வீட்டுக்குத்தான் குடுத்திருப்பான், பொம்பளையெல்லாம் தெரண்டுட்டாங்க. கல்லு, சகதி, சாணி. சாணியடிக்கு நோட்டீஸ் எங்க நிக்கும்? ஓட்டம். மறுநாள்ல இருந்து பங்களாவுல வேல பாத்தவன்லாம் ஒவ்வொருத்தனாக் கழண்டுக்கிட்டான். வயக்காட்டு ஆளு வரல. லாடம் அடிக்கிற கொல்லன் வரல. துணி வெளுக்கவ வரல. பக்கத்துல பாலின்ரோப்னு ஊரு, அங்க கடக்காரன் ரொட்டி தரமாட்டேன்னுட்டான். தபால் கொண்டு வார பயல வழியில மெரட்டித் திருப்பிவிட்டாங்க. அறுவடைக் காலம் பாத்துக்கோ. உருளக்கெழங்கு, டர்னிப்னு சொல்லுத கெழங்கு, தானியம், எல்லாம் காட்டுல நிக்கி. கேப்டனும் வீட்டம்மாவும் வீட்டுல இருந்த சொந்தக்காரங்களும் இருந்தத வச்சு ஒப்பேத்துனாங்க. ஒரு துரையக் கையில மண்வெட்டியோட நிறுத்துனது எந்தப் படை? ஒண்ணுமில்ல. "இன்னைக்கு வரலய்யா"ங்கற சொல்லுதான்.

அவரு லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடுதாசி போட்டாரு, இங்க என்னய இப்படிப் படுத்துதாங்கன்னு. அதுதான் வெனை. பெரிய எடத்துல ரோசம் பொத்துக்கிட்டு வந்து, வடக்க கேவன், மோனகன்னு ரெண்டு ஜில்லாவுல இருந்து 50 பேர அறுவடைக்கு அனுப்புனாங்க. அம்பது பேருக்குக் காவல் எத்தன பேரு? பட்டாளமும் போலீசுமாச் சேந்து ஆயிரம் பேரு போல. கெழங்கு தோண்ட ஒருத்தன், அவன் தோண்டுததப் பாக்க இருபது துப்பாக்கி. நவம்பர் மழையில துரை வீட்டுத் தோட்டத்துலயே கூடாரம் போட்டு ரெண்டு வாரம் கெடந்தாங்க. எடுத்த வெளைச்சல் 500 பவுண்டு பெறும். எடுக்க ஆன செலவு பத்தாயிரம் பவுண்டுன்னு கணக்குச் சொன்னாங்க. ஒரு கெழங்குக்கு ஒரு ஷில்லிங்னு பார்னெல் நக்கலடிச்சாரு. போன வருஷம் மொளகா பறிக்க ஆள் கூலி குடுத்து முடிச்சிட்டு நானும் இப்படித்தான் கணக்குப் பாத்தேன். எனக்காவது பட்டாளம் வரல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. அந்த ஊர்ப் பாதிரியார், ஜான் ஓமேலி. யாரும் பட்டாளத்துக்கிட்டப் போகக்கூடாது, வம்பு வளக்கக்கூடாதுன்னு சனங்களக் கட்டுப்படுத்தி வச்சிருந்தாரு. எல்லாம் முடிஞ்சு பட்டாளம் திரும்பிப் போகுது. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒரே ஒரு கெழவி மதில்ல சாஞ்சு நின்னு வேடிக்க பாக்கா. பாதிரியார் அவளப் பிடிச்சு, மகாராணியோட பட்டாளத்த நீ இப்படி மெரட்டலாமான்னு அதட்டுனாராம். இப்படித்தான் சொல்லுவாங்க. நையாண்டின்னா இது. நான் பண்ணுததெல்லாம் சும்மா.

பட்டாளம் போன கையோட கேப்டனும் கெளம்பிட்டாரு. வண்டி ஓட்ட ஆள் கெடைக்கல. பட்டாளத்து ஆம்புலன்ஸ்ல குடும்பத்த ஏத்திக்கிட்டுப் போனாரு. டப்ளின்ல தங்குன ஹோட்டல்காரனுக்கு, அந்தாள வச்சிருந்தா ஒனக்கும் அதே கதின்னு மெரட்டல் கடுதாசி. டிசம்பர் 1, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டாரு. இத எந்தப் படத்துலயாவது எடுத்தா இங்க 'சுபம்' போட்டுருவான். ஆனா மறுவருஷமே அவரு அதே ஏரிக்கரைக்குத் திரும்பி வந்தாரு. நாலஞ்சு வருஷம் இருந்தாரு. கோவம் ஆறுன பொறவு சனங்களும் விட்டுட்டாங்க. சண்ட குத்தகையோடதான், ஆளோட இல்ல. 1881-ல குத்தகைக்குச் சட்டம் வந்தாச்சு, பொறவு அவரு மேல என்னத்துக்கு வன்மம்?

சரி, அந்தச் சொல்லு எப்படி வந்துச்சு? அதுவும் அந்தப் பாதிரியார் கைங்கரியந்தான். ஜேம்ஸ் ரெட்பாத்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரரு அங்க வந்திருந்தாரு. இந்த ஒதுக்கி வைக்கிற வேலைக்கு என்ன பேர் வைக்கன்னு ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில யோசிக்காங்க. இங்கிலீஷ்ல ஏற்கெனவே 'ஆஸ்ட்ரசைஸ்'னு ஒரு சொல்லு உண்டு. அது பழைய ஏதென்ஸ்ல இருந்து வந்தது. அங்க ஒருத்தன் ரொம்பத் தலையெடுத்துட்டான்னா, சனமெல்லாம் ஒடஞ்ச ஓட்டாஞ்சில்லுல அவன் பேரக் கீறிப் போட்டு, பத்து வருஷம் ஊரவிட்டு அனுப்பிருவாங்க. ஓட்டாஞ்சில்லுக்கு அவங்க பாஷையில இருக்க பேர்லருந்து வந்த சொல்லு அது. நல்ல சொல்லுதான். ஆனா ஏர் பிடிக்கவன் வாயில நொழையாதே? பாதிரியார் நெத்தியத் தட்டி யோசிச்சு, 'அவனப் பாய்காட் பண்ணுங்க'ன்னு வச்சா என்னன்னாராம். அந்தாளையே வினைச்சொல்லாக்கிட்டாரு. முப்பத்தோரு வருஷம் இலக்கணம் நடத்துன எனக்கு ஒரு சொல்லு உண்டாக்கத் துப்பில்ல.

1880 முடிவுக்குள்ள இங்கிலீஷ்காரன் பத்திரிகை பூரா அந்தச் சொல்லு. பொறவு பிரெஞ்சுக்காரன், ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் அவனவன் நாக்குக்கு வளைச்சு எடுத்துக்கிட்டான். நாம 'பகிஷ்காரம்'னோம், 'புறக்கணிப்பு'ன்னோம். கடைசியில பாய்காட்டுலயே வந்து படுத்துக்கிட்டோம்.

இப்ப வாத்தியார் ஒரு நிமிஷம் பிரம்பெடுக்கேன், பொறுத்துக்கோ. நீ அன்னைக்கு உன் சேக்காளிக்கு இங்கிலீஷ்ல 'பாய்காட் அகெயின்ஸ்ட் த மேரேஜ்'னு அனுப்பியிருந்தே. போனத் திண்ணையில வச்சிட்டுப் போனா நான் பாக்காம என்ன செய்வேன்? 'பாய்காட் த மேரேஜ்'. அவ்வளவுதான். நடுவுல 'அகெயின்ஸ்ட்'ட நொழைக்காதே. எதிர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. 'பாய்காட் ஃப்ரம் கிளாஸ்'னும் எழுதுதானுவ, அதுவும் தப்பு. கடைசியில ரெண்டு 'டீ'. ஒரு 'டீ' போட்டா ஒங்க ஆச்சி சொன்ன கட்டில்தான்.

அப்புறம், ஸ்ட்ரைக் வேற, வெளிநடப்பு வேற, இது வேற. வேல பாக்கவன் வேலைய நிறுத்துனா ஸ்ட்ரைக். சட்டசபைக்குள்ள போயி ஒரு சத்தம் போட்டுட்டு எந்திரிச்சு வந்தா வெளிநடப்பு, அதுக்கு மொதல்ல உள்ள போகணும். பாய்காட்டுக்கு உள்ளயே போகக்கூடாது. ரோடு போடலன்னு ஊர் எல்லையில கறுப்புக்கொடி கெட்டி 'தேர்தல் புறக்கணிப்பு'ன்னு தட்டி வைக்காங்க பாரு, அதுல அர்த்தம் இருக்கு. ஓட்டுப் பெட்டி காலியாத் திரும்புனா தாசில்தார் ஜீப்பு தானா வரும். ஒருத்தன் மட்டும் ஓட்டுப் போடப் போகலன்னா அதுக்குப் பேரு மதியத் தூக்கம்.

ஒத்தையில பாய்காட் பண்ணி நான் கேள்விப்பட்டது ஒரே ஆளுதான். கிரிக்கெட் ஆடுன ஜெஃப்ரி பாய்காட். 1974-லருந்து 77 வரைக்கும் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடமாட்டேன்னு ஒதுங்கி இருந்தாரு. அவருக்குப் பேருலயே உரிம இருந்துச்சு. ஒனக்கு இருக்கா?

காரியம் பேருக்கு முந்துனது, அதையும் தெரிஞ்சுக்கோ. கேப்டன் பொறக்கதுக்கு நாப்பது வருஷம் முன்னாலயே, 1791 வாக்குல, அடிமைகள வச்சு வெளைய வைக்கிற சீனி எங்களுக்கு வேண்டாம்னு இங்கிலாந்துல நெறைய குடும்பங்க சீனிய விட்டாங்க. அவங்க விட்டது அவங்க நாக்குக்கு ருசியா இருந்தத. 1905-ல வங்காளத்தப் பிரிச்சப்ப அன்னியத் துணி வேண்டாம்னு கெளம்புனதும் அப்படித்தான். விக்கிறவனுக்கும் வலிக்கணும், வாங்காதவனுக்கும் கொஞ்சம் வலிக்கணும். நீ எதையும் விடலியே டே. நேத்து அவங்க வீட்டுல இருந்து வந்த முறுக்கு டப்பா இப்ப யார் கட்டிலுக்கடியில இருக்கு? எனக்குப் பல்லுதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்கு.

நம்ம தூத்துக்குடி சங்கதி ஒண்ணு சொல்லாம விட்டா எனக்குச் சோறு எறங்காது. 1908, கோரல் மில்லு ஸ்ட்ரைக். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க. ஊரே மில்லுத் தொழிலாளி பக்கம். ஒரு வக்கீலு செரைச்சுக்கிட்டு இருக்கும்போது வ.உ.சி.க்கு விரோதமா ஏதோ சொல்லிட்டாராம். பாதி மொகத்துல சோப்பு நொரையோட அவர விட்டுட்டுக் கத்தியத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம் சவரக்காரரு. மீதிப் பாதியச் செரைக்க ஊர்ல ஒரு ஆள் வரலன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அப்ப தூத்துக்குடியில சப்-கலெக்டரா இருந்த ஆஷ் துரை பொறந்தது அயர்லாந்துல. சொந்த ஊரு மருந்து இங்க வந்தும் அவரத் தொரத்தியிருக்கு.

நீ சிரிக்கே. சிரி. ஆனா இன்னொன்னும் சொல்லிருதேன், இதுல எனக்குச் சிரிப்பு வராது. அயர்லாந்துக்காரன் கண்டுபிடிச்சான்னு பெருமையாச் சொல்லுதோமே, ஊர்விலக்கு நமக்குப் புதுசா? 'இந்த வீட்டுக்குத் தண்ணி பொழங்கக் கூடாது, கடையில சாமான் குடுக்கக் கூடாது, வண்ணான் நாவிதன் போகக் கூடாது, நல்லது பொல்லதுக்கு யாரும் போகக் கூடாது.' சின்னப் பிள்ளையில தமுக்கடிச்சுச் சொல்லுதத நானே கேட்டிருக்கேன். மேயோவுல எளியவன் பலத்தவன ஒதுக்குனான். இங்க பலத்தவன் கூடி ஒத்த வீட்டுக்காரன ஒதுக்குனான். கோயில் தேர் இந்தத் தெருவுக்கும் வரணும்னு கேட்டது, வேற சாதியில பொண்ணெடுத்தது, இதுதான் குத்தம். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கடைக்காரன் தராசக் கவுத்து வச்சிருப்பான், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். பட்டியல் சாதி மக்களுக்கு எதிரா இப்படி ஊர் ஒதுக்குனா ஜெயிலுன்னு 2015-ல வன்கொடுமைச் சட்டத்தத் திருத்தி எழுதினாங்க. அதே பாய்காட்டுங்கற சொல்லு, ஒரு எடத்துல போராட்டம், இன்னொரு எடத்துல குத்தம். அகராதி இதச் சொல்லாது. யார் வாசல்ல நின்னு யார் சொல்லுதாங்கறதப் பாக்கணும்.

இப்ப ஒன் சங்கதிக்கு வா. நீ போகலன்னா சித்தப்பன் வீட்டுல யாருக்கு நட்டம்? பந்தியில ஒரு எல மிச்சம். அந்த எலையில ஒங்க பெரிய மாமன் ரெண்டாந் தரம் உக்காருவாரு, அவரு ஆளே அப்படி. ஒனக்கு நட்டம், பால் பாயசம், ரசம், அப்பளம், போளி, அந்தப் பக்கத்துப் பந்தியில பரிமாற வார... சரி, அத விடு. கணக்குப் போட்டா கேப்டன் கெழங்கு தோண்டுன செலவுதான் ஒனக்கும்.

கோவமே படக்கூடாதுன்னா சொல்லுதேன்? படு. ஆனா யார் மேலங்கறதத் தெரிஞ்சுக்கிட்டுப் படு. சித்தப்பன் பாவம், அவனுக்கு மண்டபக்காரன், மேளக்காரன், சமையக்காரன்னு தலைக்கு மேல வேல. பத்திரிகைக்குப் பேரெல்லாம் எழுதிக் குடுங்கன்னு அவன் வேற ஒருத்தர்ட்டப் பொறுப்பக் குடுத்துட்டான். அந்த மனுசனும் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல, கரண்ட் வேற இல்ல, நெனவுக்கு வந்த பேரெல்லாம் எழுதிக் குடுத்துட்டாரு. வயசாச்சு. தொட்டில் பிள்ள பேரு நெனவுக்கு வருது, தோள்ல போட்டு வளத்த பேரன் பேரு நெனவுக்கு வரல.

என்னய ஏம்டே அப்படிப் பாக்கே?

ஆமா, நாந்தான் எழுதிக் குடுத்தேன். இப்ப என்ன செய்யச் சொல்லுத? மெதுவாப் பேசு, ஒங்க ஆச்சி காதுல விழுந்திரப் போகுது.

ஏளா... காப்பி சொல்லி எவ்வளவு நேரமாச்சு?

ஏளா...

என்னடே, அடுப்படியில சத்தத்தையே காணும்?